பிடிக்குத் தப்பும் அரை விநாடி

அந்தமான் தீவுகளின் மணற்கரைகளில் பொழுது சாய்ந்த பிறகு வளையைவிட்டு வெளியே வரும் வெளிறிய நிற நண்டுகளைக் கையால் பிடிக்க முயல்பவர் எவரும் ஒரு புதிரை எதிர்கொள்கிறார். கண்காம்பின் உச்சியில் கொம்புபோல ஒரு முனை நீண்டிருக்கும் இந்த நண்டு, இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலக் கரைகளில் பரவலாகக் காணப்படும் ஓசிப்போடு பேரினத்தைச் சேர்ந்தது. அதன் உச்ச வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதைப்போல் இருமடங்கு வேகத்தில் ஓடுவான். எட்டிப் பிடிக்க இரண்டு கைகளும் அவனுக்கு உண்டு. வேகக் கணக்கு ஒன்றையே நம்பினால் நண்டு அகப்பட்டே தீரவேண்டும். ஆனால் பாய்ந்து பிடித்தவன் கையில் பெரும்பாலும் மணல்தான் இருக்கிறது. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் மகளிர் கரையோரம் நண்டை விரட்டி விளையாடுவது அலவன் ஆட்டுதல் என்று சொல்லப்படுகிறது. நண்டு எளிதில் அகப்படும் உயிராக இருந்திருந்தால் அதை ஆட்டுவதில் யாருக்கும் சுவை இருந்திருக்காது.

இதே புதிர் கபடிக் களத்தில் இன்னும் கூர்மையாகத் தென்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களுமாக, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினராக இருக்கும் தமிழர்களுக்குச் சடுகுடு புதிய ஆட்டமன்று. ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோட்டுக்கு அப்பால் எதிரணிக்கு உரிய பாதியின் ஆழம் 6.5 மீட்டர் மட்டுமே. அதிலும் இருபுறமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓடும் லாபி, எதிரணியினர் ஒருவரையேனும் தொடும்வரை, பாடிச் செல்லும் ரைடருக்கு விலக்கப்பட்ட நிலம். இந்தச் சிறிய இடத்தில் ஏழு பேர் காத்துநிற்க, ஒருவர் மட்டும் பாடிக்கொண்டே உள்ளே நுழைந்து, 30 விநாடிக்குள் யாரையாவது தொட்டுவிட்டுப் பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். யாரையும் தொடாமல், 3.75 மீட்டர் தொலைவில் போடப்பட்டிருக்கும் பாக் லைனையும் தாண்டாமல் திரும்பினால் அவர் அவுட் ஆகிவிடுவார் என்பதால், பாதுகாப்பான தொலைவில் நின்று ஒப்பேற்றிவிட்டு வருவதற்கும் வழியில்லை. ஏழுக்கு ஒன்று என்னும் இந்தக் கணக்கில், தேர்ந்த ரைடர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி எடுத்துத் திரும்புவது எப்படி என்பதே கேள்வி.

உலகின் மறுகோடியில் இக்கேள்வியைத் தொழிலாகவே கொண்டவர் அமெரிக்கக் கால்பந்தின் ரன்னிங் பேக். இருமுனையும் கூம்பிய பந்தை விலாவோடு அணைத்துக்கொண்டு, தன்னைக் கீழே வீழ்த்த வரும் எதிரணியின் ஊடே ஓடுவது அவருடைய வேலை. டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக 1989 முதல் 1998 வரை ஆடிய பேரி சாண்டர்ஸ், அந்த ஆட்டத்தின் பருமனான உடல்களுக்கு நடுவே ஏறத்தாழ 173 செ.மீ. உயரமே உடையவர், ஆனாலும் 1997ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் 2,053 கெஜம் ஓடியவர். வலப்புறம் போவதுபோல் காட்டி இடப்புறம் பாயும் ஜூக், மோதும் கணத்தில் உடலைச் சுழற்றி விலகும் ஸ்பின், கையை நீட்டி எதிராளியைத் தள்ளி நிறுத்தும் ஸ்டிஃப் ஆர்ம், வீழ்ந்தவர்மேல் தாவிக் கடக்கும் ஹர்டில் என்று ரன்னிங் பேக்குகளின் வித்தைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஏறத்தாழ அவை அனைத்துக்கும் கபடியில் இணை உண்டு. ஒரு வேறுபாடு கபடியின் பக்கம் கனக்கிறது: ரன்னிங் பேக் எதிராளியை விட்டு விலகினால் போதும், கபடியில் பாடுபவரோ கைக்கு எட்டும் தூரத்துக்குத் தாமே நெருங்கிப் போய், தொட்டு, அதன்பின் தப்ப வேண்டும். தப்பும் அசைவுகளின் அறிவியலை விளக்குவதற்குக் கபடியைவிடத் தெளிவான களம் இல்லை எனலாம்.

வேகமும் வலுவும்தான் இதற்கு விடை என்று வருணனையாளர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். பாதி விடைகூட அது ஆகாது. முதல் விடை பிடிப்பவரின் மூளைக்குள் இருக்கிறது. கண்ணில் ஒளி பட்டதற்கும் அதற்கு மறுமொழியாகத் தசை அசைவதற்கும் இடையே கழியும் காலத்தை எதிர்வினை நேரம் என்பர். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவருக்கு, ஒரே குறிப்புக்கு ஒரே செயல் என்ற எளிய நிலையில், அது ஏறத்தாழ 0.2 விநாடி. நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில் ஆய்வு செய்த டாண்டர்ஸ் என்னும் மருத்துவர் 1868இல் ஓர் எளிய கழித்தல் முறையால் இந்த நேரத்தைப் பிரித்துப் பார்த்தார்: ஒரே குறிப்புக்கு ஒரே செயல் செய்ய எடுக்கும் நேரத்தையும், இரண்டில் எது வந்தது என்று பார்த்து அதற்குரிய செயலைத் தேர்ந்து செய்ய எடுக்கும் நேரத்தையும் அளந்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எஞ்சுவது முடிவெடுக்கும் நேரமாகத்தானே இருக்க வேண்டும்? நினைப்பதற்கும் நேரமாகிறது, அந்த நேரத்தை அளக்கவும் முடியும் என்பது அக்காலத்தில் புதுச்செய்தி. 1952இல் ஹிக் என்னும் ஆங்கிலேய உளவியலாளர், ஒரு பலகையில் பத்து விளக்குகள்வரை வைத்து, எது எரிகிறதோ அதற்குரிய விசையை அழுத்தச் சொல்லி அளந்தபோது, தேர்வுகள் பெருகப் பெருக எதிர்வினை நேரமும் நீள்வதைக் கண்டார். தேர்வுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஏறத்தாழ ஒரே அளவான நேரம் கூடுதலாகச் செலவாகிறது.

பாடிச் செல்பவர் கால்களைச் சற்று அகற்றி, முழங்காலை மடித்து, முன்பாதத்தில் எடையைத் தாங்கி, எந்தப் பக்கமும் சாயாமல் ஊசலாடிக்கொண்டிருப்பதன் பொருள் இதனால் விளங்கும். அந்த நிலையிலிருந்து அவர் கையை நீட்டலாம், காலை வீசலாம், குனிந்து, கார்னர் எனப்படும் மூலையில் நிற்பவரின் பாதத்தை நுனிக்காலால் தொடலாம், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டை நோக்கிப் பாயலாம், ஒன்றும் செய்யாமல் பின்வாங்கவும் செய்யலாம். ஒரே தோற்றத்திலிருந்து ஐந்து செயல்கள் கிளைக்கக்கூடும் என்னும்போது, பிடிப்பவரின் எதிர்வினை நேரம் 0.2 விநாடியில் நிற்பதில்லை. அவர் முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். ஊகிக்கிறவரைத்தான் ஏமாற்ற முடியும்.

ஏமாற்றும் வித்தைக்குத் தமிழில் போக்குக் காட்டுதல் என்ற பெயர் உண்டு. ஒரு திசையில் போவதாகக் காட்டி வேறு திசையில் போவது ஏன் பலிக்கிறது என்பது பார்வைக்கு எளிய கேள்விதான்: எதிராளி தவறான திசையில் நகர்ந்துவிட்டார், அவ்வளவே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் தவறான திசையில் நகர்ந்தவர் தவறை உடனே உணர்ந்து 0.2 விநாடியில் திருத்திக்கொண்டால் பாடுபவருக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியதாகவே இருக்கும். உண்மையில் கிடைக்கும் ஆதாயம் பெரிது. அதற்கான காரணத்தை டெல்ஃபோர்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1931இல் கண்டறிந்தார். 1952இல் வெல்ஃபோர்ட் அதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். இரண்டு குறிப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்து, இரண்டுக்கும் தனித்தனியே மறுமொழி தரச் சொன்னால், முதல் குறிப்புக்கு வழக்கமான நேரமே ஆகிறது. இரண்டாம் குறிப்புக்கோ, இடைவெளி குறைவாக இருக்குமானால், வழக்கத்தைவிட மிகுதியான நேரமாகிறது. முதல் முடிவை எடுத்து முடிக்கும்வரை மூளை இரண்டாவதை எடுக்கத் தொடங்குவதில்லை என்பதே இதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இந்தக் கூடுதல் காத்திருப்பை மீள்தாமதம் என்று குறிக்கலாம்.

போக்குக் காட்டுதலின் நுட்பம் முழுவதும் இந்த மீள்தாமதத்துக்குள் அடங்கியிருக்கிறது. தோளை வலப்புறம் வெட்டுவது முதல் குறிப்பு. இடப்புறம் பாய்வது இரண்டாவது. இரண்டும் 0.04 விநாடிக்கும் குறைவான இடைவெளியில் நிகழ்ந்தால், பார்ப்பவரின் மூளை இரண்டையும் ஒரே குறிப்பாகச் சேர்த்து வாங்கிக்கொள்கிறது, ஏமாற்று வீணாகிறது. அரை விநாடி கழித்து நிகழ்ந்தால், எதிராளி முதல் முடிவை முடித்துவிட்டு விழிப்பாக நிற்கிறார், அப்போதும் வீண். இரண்டுக்கும் நடுவே, 0.06 முதல் 0.1 விநாடி வரையான ஒரு சிறு சாளரத்தில் தாமதம் மிகப் பெரிதாக இருக்கிறது. பிடிப்பவரின் மறுமொழி மொத்தத்தில் 0.4 விநாடிக்குத் தள்ளிப்போவதாகவும், பாடுபவர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நகர்வதாகவும் கொண்டால், அந்த நேரத்தில் அவர் 1.6 மீட்டர் போயிருப்பார். அது ஒரு முழுக்கையின் நீளத்தைப்போல் இருமடங்கு. நுழைந்தவுடனேயே தலையையும் தோளையும் கைகளையும் இடைவிடாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் இளம் ரைடர்கள் ஏன் எவரையும் ஏமாற்றுவதில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது: பொருளில்லாத ஆட்டத்துக்கு எவரும் முடிவெடுப்பதில்லை, முடிவெடுக்க வைக்காத போக்கு, போக்கே அன்று.

இனி உடலின் பக்கம். ஓடிக்கொண்டிருக்கும் உடலுக்கு உந்தம் உண்டு. எடையையும் வேகத்தையும் பொறுத்த அந்த உந்தத்தை வேறு திசைக்குத் திருப்ப, புறத்திலிருந்து ஒரு விசை வேண்டும். ஓடுபவருக்கு அந்த விசையைத் தரக்கூடியது தரை ஒன்றே. இடப்புறம் திரும்ப வேண்டுமானால் வலக்காலை உடலைவிட்டுச் சற்று வெளியே ஊன்றித் தரையை வலப்புறமாக உதைக்க வேண்டும். தரை அவரை இடப்புறம் தள்ளும். பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு போதாவிட்டால் கால் வழுக்கி, உடல் பழைய திசையிலேயே போய் விழும். இடுப்பைத் தாழ்த்துவதும் உடலைத் திரும்பும் பக்கம் சாய்ப்பதும் அந்தப் பக்கவாட்டு விசை உடலைக் கவிழ்த்துவிடாமல் காக்கின்றன. உயரம் குறைந்தவர்கள் இதில் பெறும் ஆதாயம் சிறிதன்று. சாண்டர்ஸின் உயரத்தைக் குறையாகப் பேசியவர்கள், அவர் வெட்டித் திரும்பும்போது அவருடைய இடுப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

வேகத்துக்கும் திருப்பத்துக்கும் உள்ள பகைமை இங்கேதான் வெளிப்படுகிறது. ஒரே வளைவில் இருமடங்கு வேகத்தில் திரும்ப, நான்கு மடங்கு பக்கவாட்டு விசை தேவைப்படும். ஆகவே முழுவேகத்தில் வருபவரால் கூர்மையாகத் திரும்ப முடியாது. அவருடைய அடுத்த இடத்தை எவரும் கணித்துவிடலாம். ஆலன் வில்சனும் அவருடைய குழுவினரும் போட்ஸ்வானாவின் சவானாப் புல்வெளிகளில் சிங்கம், வரிக்குதிரை, சீட்டா, இம்பாலா மான் ஆகியவற்றின் கழுத்தில் இடமும் முடுக்கமும் பதியும் பட்டைகளைக் கட்டி, 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை வனவிலங்குகளிடமே காட்டியது. வேட்டை விலங்குகளின் தசைகள் இரைகளின் தசைகளைவிட 20 விழுக்காடு ஆற்றல் மிகுந்தவை; வேகத்தில் 38 விழுக்காடும், முடுக்கத்தில் 37 விழுக்காடும், ஓட்டத்தைக் குறைத்து நிறுத்துவதில் 72 விழுக்காடும் அவையே மேல். எல்லா வகையிலும் பின்தங்கிய இரை ஏன் பல வேளைகளில் தப்புகிறது? மிதமான வேகத்தில் ஓடி, எதிரி நெருங்கும் கடைசிக் கணத்தில் திரும்புவதே இரைக்கு ஏற்ற உத்தி என்று அவர்களுடைய கணிப்பு காட்டியது. எப்போது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முடிவுசெய்யும் உரிமை ஓடுபவரிடம் இருக்கிறது. துரத்துபவர் எப்போதும் ஓர் எதிர்வினை நேரம் பின்தங்கியே இருக்கிறார். மிதவேகத்தில் அந்த உரிமைக்கு மதிப்பு கூடுகிறது. உச்சவேகத்தில் அது பறிபோகிறது.

கடைசிக் கணம் என்பதற்கும் காரணம் உண்டு. அந்தமானின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து மற்றத் தீவுகளுக்குப் புறப்படும் கப்பலின் மாலுமி, தொலைவில் வரும் வேறொரு கப்பலைத் திசைகாட்டியின் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கொள்வோம். அந்தக் கப்பல் தெரியும் கோணம் நேரம் செல்லச் செல்ல மாறிக்கொண்டே வந்தால் கவலையில்லை. கோணம் மாறாமல் இருக்க, தூரம் மட்டும் குறைந்துவந்தால் இரண்டும் மோதும். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளே இதை அபாயக் குறியாகச் சொல்கின்றன. மாலுமி தவிர்க்க நினைப்பதைத்தான் பிடிப்பவர் வேண்டி நிற்கிறார்: பாடுபவர் தம் கண்ணுக்கு ஒரே கோணத்தில் தெரியும்படி தம் ஓட்டத்தைச் சரிசெய்துகொண்டே போனால், எங்கே சந்திப்போம் என்று கணக்கிடாமலேயே சந்தித்துவிடலாம். தட்டான் பூச்சி கொசுவை மடக்குவதும் ஏறத்தாழ இவ்வழியில்தான். இத்தகைய துரத்தலை முறிக்க, பாடுபவர் கோணத்தை மாற்ற வேண்டும். தூரம் மிகுதியாக இருக்கும்போது ஒரு மீட்டர் விலகினால் கோணம் சற்றே மாறும். பிடிப்பவர் ஓரடியில் சரிசெய்துகொள்வார். கைக்கெட்டும் தூரத்தில் அதே ஒரு மீட்டர் விலகல் கோணத்தை ஒரேயடியாகப் புரட்டிவிடும். சீக்கிரம் திரும்பியவர் பயனின்றித் திரும்பியவர்; தாமதித்தவர் பிடிபட்டவர். நண்டின் வளையருகே பாயும் சிறுவனை ஏமாற்றுவதும் இந்தத் தூரக்கணக்கே. நண்டுக்கு மேலும் ஒரு வசதி: அது பக்கவாட்டில் ஓடுவதால் முன்னும் பின்னும் என்ற பேதமின்றி இருபுறமும் ஒரே திறனுடன் கிளம்பக்கூடியது, இந்த இனத்தை 1973இல் ஆராய்ந்த பர்ரோஸ், ஹாய்ல் இருவரும், ஓட்டத்தின் நடுவிலேயே அது உடலை அரைவட்டம் திருப்பி, முன்சென்ற கால்களைப் பின்கால்களாக மாற்றிக்கொண்டு, திசை மாறாமல் ஓட்டத்தைத் தொடர்வதைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அப்படியானால் பிடிப்பவருக்கு வழியே இல்லையா? உண்டு. உடலின் எல்லாப் பகுதிகளாலும் பொய் சொல்ல முடியாது. உடலின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொண்டால் அப்புள்ளிக்கு நிறை மையம் என்று பெயர். நிற்கும் மனிதரில் அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்குள் இருக்கிறது. தலையைத் திருப்பலாம், தோளை வெட்டலாம், காலைக்கூட வெளியே ஊன்றிவிட்டு எடையை அதில் ஏற்றாமல் இருக்கலாம். நிறை மையத்தை ஒரு பக்கம் நகர்த்திவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர மீண்டும் ஒரு முறை தரையை உதைக்க வேண்டும், அதற்கு நேரமாகும். பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தையும் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ரக்பி ஆட்டக்காரர்களை வைத்து 2010, 2012 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதை அழகாக மெய்ப்பித்தன. முதலில், உடலெங்கும் குறிகள் ஒட்டிய ஆட்டக்காரர்களை எதிராளியைக் கடந்து ஓடச்செய்து, ஏமாற்றிய ஓட்டங்களிலும் ஏமாற்றாத ஓட்டங்களிலும் எந்த உறுப்பு எப்போது நகர்ந்தது என்று அளந்தார்கள்: ஏமாற்றுபவர்கள் தலை, மேலுடல், வெளியே ஊன்றும் பாதம் ஆகியவற்றின் அசைவை மிகைப்படுத்தி, நிறை மையத்தின் நகர்வையும் இடுப்பின் திருப்பத்தையும் கூடுமானவரை அடக்கிவைத்தார்கள். பிறகு அதே அசைவுகளைக் கணினியில் உயிர்ப்பித்து, கண்ணில் அணியும் மெய்ந்நிகர்த் திரையின் வழியே தேர்ந்தவர்களுக்கும் புதியவர்களுக்கும் காட்டி, ஓட்டத்தை வெவ்வேறு கணங்களில் நிறுத்தி, எப்பக்கம் போவார் என்று கேட்டார்கள். புதியவர்கள் மிகைப்படுத்திய குறிகளை நம்பித் தவறினார்கள். தேர்ந்தவர்களின் விடைகள் நிறை மையத்தையே பின்தொடர்ந்தன. ஓடி மடக்கச் சொன்னபோது தேர்ந்தவர்கள் கூடுதல் நேரம் காத்திருந்தபின்பே நகர்ந்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் மிகச் சுவையான பகுதி. அவர்கள் வேகமாக எதிர்வினை ஆற்றியதால் ஏமாறாமல் இருக்கவில்லை. தாமதமாக ஆற்றியதால் ஏமாறவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்து, 40 வயதைக் கடந்தும் புரோ கபடி லீக் போட்டிகளின் இளம் ரைடர்களைக் கார்னரில் நின்று பிடித்த தர்மராஜ் சேரலாதனின் நீண்ட ஆட்டவாழ்வை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். காலின் வேகம் வயதோடு குறையும். இடுப்பைப் பார்த்துக் காத்திருக்கும் பொறுமை குறைய வேண்டியதில்லை.

பிடிப்பவர்கள் இருவர் கைகோத்து நிற்பதைச் செயின் என்பர். மேலே கோத்த கைகளின் கீழே குனிந்து நுழைந்து வெளியேறுவது டுப்கி. முங்குதல் என்ற பொருளுடைய இந்தி வழக்கு. பாட்னா பைரேட்ஸ் அணிக்காக 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்த பர்தீப் நர்வால் இதற்குப் பெயர்போனவர். ஓடிக்கொண்டிருக்கையில் நிறை மையத்தை ஒரே வீச்சில் முழங்கால் உயரத்துக்கு இறக்குவதும், அந்தத் தாழ்ந்த நிலையிலேயே முன்னோக்கிய உந்தத்தை இழக்காமலிருப்பதும் தொடைத் தசைகளிடம் கடுமையான வேலை வாங்கும்; ஆனால் பிடிப்பவர்களின் பார்வை நெஞ்சு உயரத்தில் நிலைத்திருப்பதாலும், கோத்த கைகளை அவிழ்த்துக் கீழே கொண்டுவர இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருப்பதாலும், கொடுத்த விலைக்கு மேலாகவே கிடைக்கிறது. 2016 அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஈரானை வென்ற இந்திய அணியின் அஜய் தாக்கூர், பின்னர் தமிழ் தலைவாஸ் அணியின் தலைவராகத் தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமானவர். அவருக்குப் பெயர் தந்தது தவளைத் தாவல், அதாவது குனிந்து காலைப் பிடிக்க வருபவரின் முதுகுக்கு மேலே தாவிக் கடப்பது. பார்வைக்கு வியப்பூட்டும் இந்தத் தாவல், அறிவியலின் கண்ணுக்கு ஆபத்தான பேரம்: கால் தரையைவிட்டு எழுந்தபின் நிறை மையத்தின் பாதையை எவராலும் மாற்ற முடியாது, கையை வீசலாம், உடலை முறுக்கலாம், ஆனால் விழப்போகும் இடம் எழும்போதே முடிவாகிவிட்டது. எதிராளியின் தலை ஏற்கெனவே குனிந்திருந்தால் மட்டுமே இது பலிக்கும். சுழற்சியோ வேறு வகை. கைகளையும் தலையையும் உடலோடு ஒடுக்கிக்கொண்டால் உடலைச் சுழற்றுவது எளிதாகிறது. இயற்பியல் நூல்கள் இதை நிலைமத் திருப்புத்திறன் குறைவதாகச் சொல்லும். இடுப்பைப் பற்றிய கை சுழலும் உடலின் மேல் வழுக்கிப்போகும். எனினும் சுழல்பவர் அரைக் கணம் களத்துக்கே முதுகைக் காட்டுகிறார், அந்த அரைக் கணத்தில் வரும் இரண்டாம் பிடிப்பாளரை அவர் காண்பதில்லை.

எவ்வளவு வித்தைகள் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கரப்பான் பூச்சி ஒரு நல்ல விடை தருகிறது. விலங்குகள் கணிக்க முடியாதபடி தப்பியோடுவதை 1959இல் சான்ஸ், ரஸ்ஸல் என்னும் இருவர், வடிவம் மாறிக்கொண்டே இருந்த கிரேக்கக் கடல்தெய்வம் புரோட்டியஸின் பெயரால் புரோட்டியன் நடத்தை என்றழைத்தார்கள். முற்றிலும் ஒழுங்கற்ற ஓட்டம் என்று கருதப்பட்ட இதை, 2008இல் டொமினிச்சியும் உடனாய்வாளர்களும் கரப்பான் பூச்சிகளின்மேல் காற்றை ஊதி ஊதி அளந்தபோது, அவை காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ 90, 120, 150, 180 பாகைகளில் விலகி ஓடுவதையே விரும்புவதைக் கண்டார்கள். திசைகள் சிலவே; ஆனால் இம்முறை எது என்பது தெரியாது. கபடிக்கும் இதுவே பொருந்தும். பத்து வித்தைகள் தெரிந்தும் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முன்னசைவு காட்டிவிடும் ரைடரை எதிரணி இரண்டு ஆட்டங்களின் காணொளியிலேயே படித்துவிடும். மூன்றே வித்தைகளை ஒரே நிலையிலிருந்து தொடங்குபவரைப் படிப்பது கடினம்.

மண் களத்தில் பிறந்த இந்த ஆட்டம் இன்று பெரும் போட்டிகளில் ரப்பர்த் தன்மையுள்ள விரிப்பின்மேல் காலணியோடு ஆடப்படுகிறது. மண்ணில் பாதம் சற்று வழுக்கும், விரிப்பில் கடிக்கும். உராய்வு கூடியதால் திருப்பம் கூர்மையானது. அதே விசை முழங்காலையும் முறுக்குகிறது. தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று நழுவாமல் இறுக்கி வைத்திருக்கும் முன் சிலுவை இணைப்புநார், ஆட்டக்காரர்கள் ஏசிஎல் என்று அஞ்சிப் பேசுவது, இத்தகைய வெட்டுத் திருப்பங்களில்தான் அடிக்கடி அறுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெஸியரும் உடனாய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓடிவருபவர்களுக்கு எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒருமுறை முன்கூட்டியே சொல்லியும், மறுமுறை கடைசிக் கணத்தில் விளக்கால் காட்டியும் முழங்காலின்மேல் விழும் முறுக்கு விசையை அளந்தார்கள். முன்கூட்டித் தெரியாதபோது அது இருமடங்குவரை உயர்ந்தது. உடலைச் சாய்க்கவும் தசைகளை இறுக்கவும் நேரம் கிடைக்காததே காரணம் என்பது அவர்களின் கருத்து. போக்குக் காட்டுபவருக்குத் தம் திருப்பம் முன்பே தெரியும். ஏமாந்து திசைமாறி, அதைத் திருத்த அவசரமாக மறுபுறம் திரும்பும் பிடிப்பவருக்குத் தெரியாது. ஆகவே பயிற்சிக் களத்தில் ரைடர்களுக்குத் திருப்பங்களைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு, பிடிப்பவர்களுக்கு முன்னறிவிப்பில்லாத திருப்பங்களில் முழங்காலை மடித்து, பாதத்தை உடலுக்கு மிக வெளியே ஊன்றாமல் இறங்கும் பழக்கத்தையும் ஏற்றியாக வேண்டும். அதைத் தொடங்க வேண்டிய வயது, எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பள்ளிப் பருவமே.